தெலோனியஸ் மங்க்

தெலோனியஸ் ஸ்பியர் மங்க் (அக்டோபர் 10, 1917 – பெப்ரவரி 17, 1982) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். பீபாப் என்னும் ஜாஸ் இசைப்பிரிவு உருவாகக் காரணமானவர்களுள் இவரும் ஒருவர். ப்ளூஸ் இசையின் கார்டுகளை (ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) மிகக் குறைந்த சுரங்களைக் கொண்டு, ஒன்றோடொன்று உரசும் சுரங்களையும் சேர்த்து வாசித்த முறைக்காக இவர் சிறப்பாக அறியப்படுகிறார். தொடக்கத்தில் பலரால் பிழையான வாசிப்பு என்று கருதப்பட்ட இம்முறை, பின்னர் ஜாஸ் மாணவர்கள் பயிலும் பாடங்களுள் ஒன்றாகியது.

இளமைக் காலம்

மங்க் வட கரோலினா மாநிலத்தின் ராக்கி மவுண்ட் நகரில் பிறந்தார். 1922 ஆம் ஆண்டில் இவரது குடும்பம் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் குடியேறியது. தமக்கைக்குக் கற்பிக்கப்பட்ட பியானோ பாடங்களைக் கவனித்து இசைக்குறிப்புகளை வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஏறத்தாழ 11 வயதில் முறையான பயிற்சி பெறத் தொடங்கினார். பதின்ம வயதில், ஊர் ஊராகச் சென்ற கிறித்தவ மதப் பரப்புநர் ஒருவரின் குழுவில் இணைந்து வாசித்தார்.

அக்காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஸ்ட்ரைட் என்னும் பியானோ நடை புகழ்பெற்றிருந்தது. இதில் இடது கை கீழ்ச் சுரத்துக்கும் கார்டுக்கும் இடையே மாறி மாறித் தாவும். மங்கின் வாசிப்பில் இந்நடையின் தாக்கம் இறுதிவரை இருந்தது. 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மிண்டன்ஸ் பிளேஹவுஸ் விடுதியில் நிலையான பியானோ கலைஞராகப் பணியாற்றினார். டிசி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், கென்னி கிளார்க் ஆகியோர் அங்கு கூடி வாசித்ததிலிருந்து பீபாப் இசை வளர்ந்தது.

ப்ளூஸ் கார்டுகளும் மங்கின் முறையும்

ப்ளூஸ் இசையின் பரவலான வடிவம் 12 பார்களைக் கொண்ட ஒரு சுற்று ஆகும். ஒவ்வொரு பாரும் நான்கு அடிகள் கொண்டது. ச, ம, ப ஆகிய மூன்று சுரங்களை அடியாகக் கொண்ட மூன்று கார்டுகளே இச்சுற்றின் அடிப்படை. சட்சத்தை அடியாகக் கொண்ட கார்டில் சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கு சுரங்கள் அமையும்.

ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே அதனை அசைத்துப் பாடுவர். கித்தார் கலைஞர் தந்தியை வளைத்து இவ்வொலியைப் பெறலாம். பியானோவில் இதற்கெனக் கட்டை இல்லை. மங்க் அடுத்தடுத்த இரு காந்தாரக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினார். சில வேளைகளில் ஒன்றை விடுவித்து மற்றொன்றை மட்டும் நீளவிட்டார். இதனால் சுரம் வளைவது போன்ற உணர்வு கேட்பவருக்கு ஏற்படுகிறது.

இவ்வுரசல் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் பிற சுரங்கள் குறைவாக இருத்தல் வேண்டும். எனவே மங்க் பல இடங்களில் இடது கையில் சட்சத்தையும் கைசிகி நிஷாதத்தையும் மட்டுமே வாசித்தார். கார்டின் இயல்பை உணர்த்த இவ்விரண்டுமே பெரும்பாலும் போதுமானவை. பஞ்சமத்தை விட்டுவிட்டாலும் அந்த இயல்பு மாறுவதில்லை. மிஸ்டீரியோசோ (1948), ஸ்ட்ரெயிட் நோ சேசர் (1951), ப்ளூ மங்க் (1954) ஆகியவை இவர் 12 பார் வடிவில் இயற்றிப் பதிவு செய்த புகழ்பெற்ற ப்ளூஸ் இசைகள் ஆகும்.

இம்முறை எல்லோருக்கும் உகந்ததாக இருக்கவில்லை. 1954 ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஒரு பதிவின்போது, தாம் ட்ரம்பெட் வாசிக்கையில் பின்னணியாகப் பியானோ வாசிக்க வேண்டாம் என்று மைல்ஸ் டேவிஸ் இவரைக் கேட்டுக்கொண்டார்.

காபரே அட்டை இழப்பு

அக்காலத்தில் நியூயார்க் நகரில் மது விற்கும் விடுதிகளில் வாசிக்கக் காவல் துறை வழங்கும் காபரே அட்டை தேவைப்பட்டது. 1951 ஆகஸ்டில் மங்கும் அவரது நண்பரான பியானோ கலைஞர் பட் பவலும் இருந்த வாகனத்தில் போதைப்பொருள் கண்டெடுக்கப்பட்டது. நண்பருக்கு எதிராகச் சாட்சி கூற மங்க் மறுத்துவிட்டார். அதனால் 60 நாட்கள் சிறையில் இருந்ததோடு காபரே அட்டையையும் இழந்தார். இதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இவரால் நகரின் விடுதிகளில் முறைப்படி வாசிக்க இயலவில்லை. இக்காலத்திலும் இவர் இசையமைப்பதையும் ஒலிப்பதிவு செய்வதையும் நிறுத்தவில்லை. ப்ளூ மங்க் இக்காலத்தில் வெளிவந்ததே ஆகும்.

புகழும் இறுதிக் காலமும்

1957 ஆம் ஆண்டில் அட்டை மீண்டும் கிடைத்தபின், ஃபைவ் ஸ்பாட் விடுதியில் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் இணைந்து பல மாதங்கள் வாசித்தார். இந்நிகழ்ச்சிகள் இவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தன. 1964 பெப்ரவரியில் டைம் இதழ் இவரது உருவத்தை அட்டையில் வெளியிட்டது.

1970களின் நடுப்பகுதிக்குப் பின் மங்க் பொதுமேடைகளிலிருந்து விலகினார். இறுதி ஆண்டுகளை நியூ ஜெர்சி மாநிலத்தின் வீஹாக்கனில், நெடுநாள் நண்பரும் ஆதரவாளருமான பன்னோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டரின் இல்லத்தில் கழித்தார். அங்கு பியானோ இருந்தபோதிலும் அதனை அரிதாகவே தொட்டார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு 1982 பெப்ரவரி 17 அன்று காலமானார். 2006 ஆம் ஆண்டில் இவருக்கு மறைவுக்குப் பிந்தைய புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. இவரது மகன் டி. எஸ். மங்க் ஒரு டிரம்ஸ் கலைஞர் ஆவார்.