பந்தை வைத்துவிட்டுப் போருக்குப் போனவர்

லிங்கநகரில் மாலையில் பந்தோடு ஓடும் என் மாணவர்களைப் பார்க்கும்போது ஹெட்லி வெரிட்டி நினைவுக்கு வருவார்.

1905இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். கிரிக்கெட்டே அவரது தொழில். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1932இல் நொட்டிங்ஹாம்ஷயர் அணியின் 10 விக்கெட்டுகளையும் 10 ஓட்டங்களுக்கே வீழ்த்தினார். 1934இல் சென்னை சேப்பாக்கம் டெஸ்டில் 11 விக்கெட்டுகள். டெஸ்டுகளில் பிரட்மனை 8 தடவை ஆட்டமிழக்கச் செய்தார்.

1939 செப்டம்பர் 1, ஹிட்லரின் படை போலந்தில் புகுந்த நாள். அன்று ஹோவ் மைதானத்தில் 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். உலகப்போருக்கு முன் அவர் ஆடிய கடைசிப் போட்டி அது. பிறகு கிரீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார்.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுகள் எமது துறைமுகத்திலும் விழுந்தன. 1943 ஜூலையில் சிசிலியில் தன் கம்பனியை முன்னின்று நடத்திய வெரிட்டி நெஞ்சில் காயமடைந்து கைதானார். ஜூலை 31இல் இத்தாலியின் கசேர்ட்டாவில் இறந்தார். வயது 38.

போர் யாருடைய திறமையையும் பார்ப்பதில்லை. இளைஞர்களின் ஜனாஸாக்களைச் சுமந்த எமக்கு இது புதிதல்ல. எம் பிள்ளைகளின் கைகளில் பந்தே இருக்கட்டும். அதைக் காப்பது பெரியவர்களாகிய எம் பொறுப்பு.