முள்கம்பி விற்ற விவசாயி

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அங்கிருந்து உள்ளே ஆத்தூர்ப் பக்கம் வந்தால் உப்பளங்கள் முடிந்து வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வேலி என்றால் பனைமட்டையும் உடைமுள்ளும்தான். இன்று சிமென்ட் தூண், முள்கம்பி, வலைக்கம்பி என்று வந்து, வேலி போட்டுக் கொடுப்பதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது.

நீங்களும் இந்தத் தொழிலில் இருக்கலாம். அல்லது உங்கள் மகன் வங்கிக் கடன் வாங்கித் தொடங்க நினைக்கலாம். யாருக்கு, எங்கே, இந்த ஆண்டில் எத்தனை மீட்டர் என்று இலக்கு வைக்காமல் கம்பியை வாங்கி அடுக்கினால், கடலோர உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். இலக்கு வைத்து விற்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, முள்கம்பியை உலகறியச் செய்த ஜோசப் கிளிடனின் வாழ்க்கையைப் பாருங்கள். அவரும் ஒரு விவசாயிதான்.

கிளிடன் 1813 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தார். இளம் வயதில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு நிலம் தேடி மேற்கே போய், இலினாய் மாநிலத்தின் டிகால்ப் பகுதியில் பண்ணை அமைத்தார். முதல் மனைவியையும் அவர் வழிப் பிள்ளைகளையும் பறிகொடுத்தார். 1851இல் லூசிண்டா என்பவரை மணந்து, அதே மண்ணில் மறுபடியும் குடும்பம் நடத்தினார்.

அந்தப் பகுதி பரந்த புல்வெளி. மண் நல்ல மண், ஆனால் மரம் அரிது. மரவேலிக்கான பலகையை வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு கட்டாது. முள்செடியை உயிர்வேலியாக வளர்க்கலாம் என்றால் அது அடைத்து வளரப் பல ஆண்டுகள் ஆகும். வெறும் கம்பி கட்டினால் மாடு சாய்ந்து தள்ளிவிட்டு உள்ளே வந்துவிடும். வெயிலில் கம்பி தொய்யும், கடுங்குளிரில் அறும். விளைந்த பயிரை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்பது அங்கேயும் விவசாயியின் அன்றாடக் கவலையாக இருந்தது.

1873இல் டிகால்ப் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்ற விவசாயி கூர்முனைகள் பதித்த மரச்சட்டம் ஒன்றை வைத்திருந்தார். அதை வேலியில் தொங்கவிட்டால் மாடு நெருங்காது. அப்போது கிளிடனுக்கு வயது 60. முள்ளை மரத்தில் பதிப்பதைவிடக் கம்பியிலேயே வைத்தால் என்ன என்று யோசித்தார். காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லை மாற்றி அமைத்து முள் வளைத்தார். கம்பியில் முள் நழுவியது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கியபோது, முள் நடுவில் சிக்கி அசையாமல் நின்றது. 1874 நவம்பர் 24 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

இதுவரை கண்டுபிடிப்பு. விற்பனையின் கதை இனிமேல்தான்.

முதலில் அவர் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டார். அதே ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த ஐசக் எல்வுட்டும் சொந்தமாக ஒரு முள்கம்பி செய்து பார்த்திருந்தார். கிளிடனின் கம்பி மேலானது என்று கண்டதும், 265 டாலர் கொடுத்து அதில் பாதி உரிமையை வாங்கினார். எல்வுட்டுக்கு வாடிக்கையாளர் யார், சரக்கு எப்படிப் போகும் என்பது தெரியும். கம்பி முறுக்கத் தெரிந்தவரும் கடை நடத்தத் தெரிந்தவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

அடுத்தது அளவு. 1874இல் அமெரிக்காவில் தயாரான முள்கம்பி சுமார் 4.5 டன். 1875இல் சுமார் 270 டன். 1880இல் 36,000 டன்னைத் தாண்டியது. அதே காலத்தில் ஒரு பவுண்டு கம்பியின் விலை 20 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக இறங்கியது. ஒரு சுருளில் கொள்ளை லாபம் வைக்காமல், பல சுருள் விற்றுச் சம்பாதிக்கும் தொழிலாக அது மாறியது.

மூன்றாவது, கண்ணால் பார்க்க வைப்பது. டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்தக் கம்பியை நம்பவில்லை. முரட்டு மாட்டை இது தடுக்காது என்றார்கள்; தடுத்தாலும் உடம்பைக் கிழித்துவிடும் என்றார்கள். கிளிடனின் முகவர் ஹென்றி சான்பார்ன் 1875இல் அங்கே போய் ஊர் ஊராக விற்றார். 1876இல் ஜான் கேட்ஸ் என்ற இன்னொரு விற்பனையாளர் சான் அன்டோனியோ நகரில் முள்கம்பிப் பட்டி அடைத்து, முரட்டு மாடுகளை உள்ளே விட்டுக் காட்டியதாகச் சொல்லப்படுகிறது. 1881இல் கிளிடனும் சான்பார்னும் டெக்சாஸிலேயே பெரிய பண்ணை தொடங்கினார்கள். சுமார் 39,000 டாலர் செலவில் சுமார் 120 மைல் நீளத்துக்கு வேலி போட்டார்கள். தன் சொந்த மாடுகளைத் தன் வேலிக்குள் விட்டவர், மற்றவர்களிடம் வாய்ப்பேச்சு பேசத் தேவையில்லை.

பாதிப்பும் இருந்தது. முள் குத்திய மாடுகளுக்குப் புண் வந்தது. குளமும் பொதுவழியும் வேலிக்குள் அடைபட்டதால் 1883இல் டெக்சாஸில் வேலிவெட்டுக் கலவரமே நடந்தது. காப்புரிமை வழக்கும் நீண்டுகொண்டே போய், 1892இல்தான் உச்ச நீதிமன்றம் கிளிடனின் உரிமை செல்லும் என்றது. அவரோ 1876லேயே தன் பாதியை ஒரு பெரிய கம்பி ஆலைக்கு 60,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 25 சென்ட் உரிமைத்தொகைக்கும் கொடுத்திருந்தார். எத்தனை பவுண்டு விற்றது என்ற கணக்கே அவருடைய வருமானமாயிற்று.

இப்போது உங்கள் கணக்குக்கு வாருங்கள். இலக்கை ரூபாயில் தொடங்காதீர்கள், மீட்டரில் தொடங்குங்கள். உங்கள் ஆட்கள் மாதம் 500 மீட்டர் முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலை சராசரி 250 மீட்டர் என்றால் மாதம் இரண்டு வேலை வேண்டும். பேசுகிற ஐந்து பேரில் ஒருவர் சம்மதிப்பார் என்றால், மாதம் பத்து விவசாயிகளை நேரில் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை குறையும் என்பதையும் இதிலேயே கழித்துக்கொள்ளுங்கள். நோட்டில் மூன்றே பத்தி போதும்: பார்த்தவர், சம்மதித்தவர், முடித்த மீட்டர். மூன்று மாதத்தில் உங்கள் உண்மையான விகிதம் தெரிந்துவிடும். அதன்பிறகு அந்த அளவுக்கு மட்டும் கம்பி வாங்குங்கள்.

இன்னொரு கணக்கையும் விவசாயியிடம் போட்டுக் காட்டுங்கள். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 255 மீட்டர். நான்கு பேர் தனித்தனியே போட்டால் 1,020 மீட்டர். அந்த நான்கு ஏக்கரும் அடுத்தடுத்து ஒரே சதுரமாக இருந்து, சேர்ந்து போட்டால் 510 மீட்டர்தான். ஆளுக்குச் செலவு பாதி. தனியாக முடியாது என்று கைவிரித்தவர்களும் கூட்டாகச் சம்மதிப்பார்கள். உங்களுக்கு ஒரே இடத்தில் இரண்டு வேலைக்குச் சமமான நீளம் கிடைக்கும். ஆண்டுக்கு இத்தனை கூட்டுவேலி என்று ஓர் இலக்கு வையுங்கள். வேளாண் அலுவலர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தால், அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

புன்னைக்காயல் போன்ற கடலோர ஊரில் மாதிரி வேலியும் அவசியம். தடித்த துத்தநாகப் பூச்சுள்ள கம்பியையும் மலிவான கம்பியையும் ஆள் நடமாடும் பாதையோரம் அருகருகே கட்டி வையுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். எதற்கு ஏன் கூடுதல் விலை என்று துருவே சொல்லிவிடும். பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைக்கும்போது நீங்களும் குறைத்து நஷ்டப்படாமல் இருக்க இதுதான் வழி. வேலி போட்ட இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்த் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுப்பதையும் இலக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரப்பில் நிற்கும்போதுதான் அடுத்த வயல்காரர் உங்களிடம் விலை கேட்பார். பொதுவழியையும் நீர்வழியையும் அடைக்கும் வேலிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அந்தச் சண்டை கடைசியில் உங்கள் தூணின் மேல்தான் விழும்.

கிளிடன் 1906 அக்டோபர் 9 அன்று, 93 வயதில் டிகால்பிலேயே காலமானார். ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வருவதற்குத் தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார். அது இன்று வடக்கு இலினாய் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. தன் வயலில் மாடு புகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று 60 வயதில் யோசித்தவர் அவர். உங்கள் ஊரில் எந்த வயலில், எந்த விலங்கு, எந்த மாதம் புகுகிறது என்று எழுதத் தொடங்குங்கள். உங்களுடைய முதல் இலக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறது.