மேரி வர்கீஸ் அம்மையார்

உடற்குறை உற்றார்க்கு இரக்கத்தினும் தொழிலே பெருந்துணையாம் என்பதைத் தம் வாழ்வால் விளக்கியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரள நாட்டில் 1925இல் பிறந்த இவர், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இவர்தம் முதுகுத்தண்டு ஊறுபட்டது. இடுப்பிற்குக் கீழ் உடல் செயலற்றுப் போயிற்று.

தம் மருத்துவப் பணி முடிந்ததெனக் கலங்கிய இவருக்கு, அறுவை மருத்துவர் பால் பிராண்டு புதுவழி காட்டினார். திருவண்ணாமலையும் அடங்கியிருந்த அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் தொழுநோய் மிகுந்திருந்தது. அந்நோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை, அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே செய்யலாயினார். நிமிர்ந்த கை உழைக்கவும் வேண்டுமன்றோ? பிராண்டு 1951இல் நிறுவிய புதுவாழ்வு நிலையத்தில் நோயாளர் தச்சுத்தொழில் பயின்றனர்.

பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பிய அம்மையார், 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் கண்டார். முதுகுத்தண்டு ஊறுபட்டோர் அங்கே சக்கர நாற்காலியில் இயங்கவும், தம் பணிகளைத் தாமே செய்யவும், இயன்ற தொழிலைக் கற்கவும் பழகினர். 1972இல் பத்மசிறீ விருது பெற்ற அம்மையார், 1986இல் மறைந்தார். தாம் நடக்க இயலாதவராயினும், பலரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்த பெருமை அவருடையது.