உயிர் காக்கும் கண்ணாடி

லாரியின் முன்கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்க வழி கண்டவர் எட்வார்ட் பெனடிக்டஸ். 1878-ம் ஆண்டு பிறந்த பிரெஞ்சுக்காரர். ஓவியர், ரசாயனமும் கற்றவர்.

கீழே விழுந்த குடுவை

1903-ம் ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை! உள்ளே காய்ந்திருந்த செல்லுலாய்டு, தோல் போல் ஒட்டிக்கொண்டு சில்லுகளைப் பிடித்திருந்தது.

மோட்டார் விபத்துகளில் கண்ணாடி குத்திப் பலர் காயம் அடைந்த செய்தி அவர் மனதை உறுத்தியது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டை வைத்து ஒட்டினார். 1909-ல் காப்புரிமை பெற்றார். 1930-ல் காலமானார்.

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் கல்கத்தா சாலையில் ஓடும் பழைய லாரிக்கும் இத்தகைய கண்ணாடியே ஏற்றது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைச் செருக வேண்டும். உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பர் சட்டத்தைக் கவ்வும். மழைநீர் புகாது. டிரைவரின் கண்ணும் தப்பும்.