காவிரியின் ஆற்றலைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்த திவான்: சர் கே. சேஷாத்ரி ஐயரின் வாழ்க்கை

கோலார் தங்கவயல்: காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே பயணித்து 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கச் சுரங்கங்களை வந்தடைந்தது. ஆனால், அத்திட்டத்துக்கு அரசின் கருவூலத்தைத் திறந்துவிட்டவர் அந்நாளைக் காண உயிருடன் இல்லை. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 18 ஆண்டுகள் பணியாற்றிய சர் கே. சேஷாத்ரி ஐயர், ஒன்பது மாதங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1845 ஜூன் 1 அன்று பிறந்தவர் சேஷாத்ரி ஐயர். கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1868-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1881-இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை உடையார் மரபினரிடம் திருப்பி அளித்தபோது ரங்காச்சார்லு திவானானார். 1883-இல் அவர் மறைந்ததும், 37 வயதே ஆன சேஷாத்ரி ஐயரிடம் அப்பொறுப்பு வந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. இருப்புப் பாதைகளையும் பாசனத்தையும் விரிவாக்குவதே அதற்கு மருந்து என்று அவர் கருதினார். வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணைக்கட்டுப் பணி அவர் காலத்தில் தொடங்கியது. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குடிநீர் வந்தது. 1898-இல் பிளேக் நோய் நகரை உலுக்கிய பின், பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய புதிய குடியிருப்புகள் வளர்ந்தன.

அரசுக்குப் பெரும் வருவாய் தந்தது கோலார். அங்கே ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இயங்கிய சுரங்கங்கள், எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் 5 விழுக்காட்டை உரிமைத்தொகையாகச் செலுத்தின. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தனர். சுரங்கம் ஆழமாக ஆக, நீராவி இயந்திரங்களுக்கான விறகுக்கும் நிலக்கரிக்கும் ஆன செலவும் ஏறியது. சுற்றுவட்டாரக் காடுகள் தேய்ந்தன.

அரசின் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர், அருவியின் வீழ்ச்சியை மின்சாரமாக்கிச் சுரங்கங்களுக்கு விற்கலாம் என்று திட்டம் வகுத்தார். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வழித்தடம் அன்று உலகிலேயே அரிது. திட்டம் தோற்றால் இழப்பு முழுவதும் மக்களின் வரிப்பணத்துக்கே. ஆயினும், அரசே முதலீடு செய்து அரசே விற்கும் வழியைத் திவான் தேர்ந்தார். மின்னாக்கிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும், நீர்ச்சக்கரங்களைச் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனமும் வழங்கின.

அவர் மீது குறைகளும் கூறப்பட்டன. உயர்பதவிகளில் சென்னை மாகாணத்தவருக்கே முன்னுரிமை தருகிறார் என்றும், அதிகாரத்தைத் தம்மிடமே குவித்துக்கொள்கிறார் என்றும் மைசூர்க்காரர்கள் மனம் புழுங்கினர். மைசூர் மைசூர்க்காரருக்கே என்ற குரல் வலுப்பெற இதுவும் ஒரு காரணம். 1894-இல் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் மறைந்தபின், இளவரசர் வயது அடையும்வரை மகாராணியின் பொறுப்பாட்சியில் திவானின் செல்வாக்கு மேலும் பெருகியது.

உடல்நலம் குன்றியதால் 1901 மார்ச்சில் பதவி விலகிய சேஷாத்ரி ஐயர், செப்டம்பர் 13 அன்று மறைந்தார். மறு ஆண்டில் மின்சாரம் எட்டியதும் தாது அரைக்கும் ஆலைகளும் காற்றழுத்த இயந்திரங்களும் அதனால் இயங்கத் தொடங்கின. 1905-இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களிலும் ஒளிர்ந்தது.

பெங்களூரின் சேஷாத்ரிபுரமும், கப்பன் பூங்காவில் நிற்கும் சிலையும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றுக்காக வாழ்வை ஈந்த தொழிலாளர் குடும்பங்களின் தலைமுறைகள் தங்கவயலிலேயே வாழ்கின்றன. தங்கம் தீர்ந்த பிறகும், அதற்காகக் காவிரியில் எழுந்த சிவசமுத்திர மின்நிலையம் நிலைத்து நிற்கிறது.