விமர்சிக்கப்பட்ட நீதிபதியே பெஞ்சில்... சுரேந்திரநாத் பானர்ஜி ஜெயிலுக்குப் போன கதை

ஒரு நீதிபதியை விமர்சித்தால், அந்த அவமதிப்பு வழக்கை அவரே விசாரிக்கலாமா? 1883-ல் கல்கத்தாவில் அப்படித்தான் நடந்தது. மாட்டியவர் சுரேந்திரநாத் பானர்ஜி.

1848-ல் பிறந்தவர். லண்டன் போய் ஐசிஎஸ் பாஸ் பண்ணினார். வயதில் குளறுபடி என்று பெயரை நீக்க, கோர்ட்டுக்குப் போய் இடத்தை மீட்டார். சில்ஹெட்டில் வேலை. 1874-ல் டிஸ்மிஸ். பிறகு கல்லூரி ஆசிரியர், 'பெங்காலி' பத்திரிகையின் ஆசிரியர்.

இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவால் ஊரே இரண்டுபட்டுக் கிடந்த நேரம் அது. ஒரு வழக்கில் சாளக்கிராமக் கல்லை கோர்ட்டுக்குக் கொண்டுவர வைத்தார் ஹைகோர்ட் நீதிபதி நோரிஸ். அதைக் கண்டித்து ஏப்ரல் 28 அன்று சுரேந்திரநாத் காரசாரமாக எழுதினார். இன்னொரு பத்திரிகைச் செய்தியை நம்பி எழுதியது அது. வழக்கின் இரு தரப்பும் சம்மதித்த பிறகே கல் கொண்டுவரப்பட்டது என்று பின்னர் தெரிந்தது. ஆக, தப்பு அவர் பக்கமும் இருந்தது. மன்னிப்பும் கேட்டார்.

ஆனா விசாரணை நடந்த விதம்தான் உறுத்துகிறது. ஜூரி கிடையாது. ஐந்து நீதிபதிகளில் நோரிஸும் ஒருவர்! மே 5-ல் தீர்ப்பே வந்துவிட்டது. கட்டுரை வெளியாகி ஒரே வாரம்தான். இரண்டு மாதம் சிறை. பெஞ்சில் இருந்த ஒரே இந்தியரான ரமேஷ் சந்திர மித்தர் மட்டும் அபராதம் போதும் என்றார், எடுபடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது.

கோர்ட் வாசலில் மாணவர்கள் கொந்தளித்தார்கள். அதில் ஒருவர் அசுதோஷ் முகர்ஜி. 1904-ல் அதே ஹைகோர்ட்டில் நீதிபதியானவர்!

சுரேந்திரநாத்தின் செல்வாக்கு சிறையால் ஏறியதே தவிர குறையவில்லை. 1895, 1902-ல் காங்கிரஸ் தலைவர். 1921-ல் வங்காள அமைச்சர். 1925-ல் மறைந்தார்.

இப்போது நிலைமை என்ன? 1971 சட்டப்படி, கோர்ட்டுக்குள்ளேயே நடந்த அவமதிப்பு என்றால், வேறு நீதிபதி விசாரிக்கட்டும் என்று குற்றம்சாட்டப்பட்டவர் கேட்கலாம். பத்திரிகையில் எழுதியதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே பெஞ்சிலிருந்து விலகுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்த நீதிபதியின் முடிவுதான்.