லவ்லேஸ் சீமாட்டியார்

குறுகிய ஆயுளிற் பெரும்பணி ஆற்றிய அறிஞருள் ஏடா லவ்லேஸ் சீமாட்டியாரும் ஒருவர். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் புதல்வியாக, 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். சில வாரங்களில் பெற்றோர் பிரிந்தமையால் தந்தையைக் கண்டறியாதே வளர்ந்தார். கணிதப் பற்றுடைய அன்னையார் மகளுக்கும் அக்கல்வியையே ஊட்டுவித்தார். 1829இல் தட்டம்மை கண்டு, நடக்கவியலாது நெடுநாள் படுக்கையிற் கிடந்தபோதும் இவர் கல்வியைக் கைவிட்டிலர்.

பதினேழாம் வயதில், 1833இல், சார்ல்ஸ் பாபேஜ் என்னும் பேரறிஞரின் நட்பைப் பெற்றார். பாபேஜ் வகுத்த கணிதப்பொறியில் இரு பெரும் பகுதிகள் உண்டு. எண்களைச் சேமித்து வைக்கும் பகுதிக்குக் களஞ்சியம் என்றும், அவற்றைக் கணக்கிடும் பகுதிக்கு ஆலை என்றும் பெயர். அப்பொறியைக் குறித்து மெனாப்ரியா 1842இல் பிரெஞ்சு மொழியில் வரைந்த கட்டுரையைச் சீமாட்டியார் மறு ஆண்டு ஆங்கிலத்திற் பெயர்த்து, மூலத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்தார்.

களஞ்சியத்தின் தூண்கள் அளவுபட்டவை. ஆகவே, ஒரு தூணிலுள்ள எண்ணை எடுத்தபின் அதனை அங்கேயே நிறுத்துவதா, அன்றிச் சுழியமாக்கி வேறோர் எண்ணுக்கு இடமளிப்பதா என்பது பெருவினாவாயிற்று. சீமாட்டியார் தூண்களை மூலவெண்கட்குரியவை, இடைக்கணக்கிற்குரியவை, விடைக்குரியவை எனப் பிரித்தார். ஒரு தூணின் எண் எத்தனை முறை மாறியதென்பதைக் காட்ட, அதன் பெயருக்கு இடப்புறம் மேலே சிற்றெண் இட்டார். வெறுமையான தூணுக்குச் சுழியமே குறி.

இக்காலத்துப் பைத்தான் மொழியின் வழக்கமான வரிமொழிமாற்றி, இதையொத்த கவலையைத் தானே ஏற்கின்றது. நினைவகத்திலுள்ள ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று எண்ணிவந்து, அவ்வெண் சுழியமானதும் இடத்தை விடுவிக்கின்றது. ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு பயனற்றுக் கிடப்பவற்றைத் தனியே தேடி அகற்றுகின்றது. சீமாட்டியாரின் குறியெண் மாற்றத்தை எண்ணுவது. இது சுட்டுவோரை எண்ணுவது. முறை வேறாயினும், இடம் அரிது என்னும் உணர்வு ஒன்றே.

பாபேஜின் பொறி முழுமையுறச் செய்யப்படவே இல்லை. சீமாட்டியாரும் 1852 நவம்பர் 27ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே, தாம் கண்டறியாத தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். கண்முன் இல்லாத பொறிக்கும் இடம் வகுத்த அவருடைய பொறுமை, மாணவர்க்கு என்றும் நல்வழி காட்டுவதாகும்.